பக்கவாத ஆய்வில் பொது ஸ்கேன் தொகுப்புகள்

[திரையில்: மூளையின் எம்.ஆர்.ஐ. படம், மேலிருந்து கீழாக அடுக்கடுக்காக நகர்கிறது.]

சோமனூர்ப் பக்கம் விசைத்தறி ஓட்டும் இருவருக்குப் பக்கவாதம் வந்ததாக வைத்துக்கொள்வோம். ஸ்கேனில் பாதிப்பின் அளவு ஏறக்குறைய ஒன்றாகவே தெரிந்தாலும், ஒருவர் சில மாதங்களில் தறிக்குத் திரும்பிவிட, மற்றவரால் சட்டைப் பொத்தானைக்கூடப் போட முடியாமல் போகலாம். ஏன் இந்த வேறுபாடு? சிதைந்தது மூளையின் எந்த இடம், மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கிக் கைகால்களை இயக்கும் நரம்புப் பாதை எவ்வளவு அறுபட்டது, நோயாளியின் வயது என்ன என்று பலவும் சேர்ந்து இதைத் தீர்மானிப்பதால், ஒரே மருத்துவமனையின் சில பத்து நோயாளிகளை வைத்து விடை காண்பது கடினம்.

அதனால்தான் பல நாட்டு ஸ்கேன்களைத் திரட்டிப் பொதுவில் வைக்கிறார்கள். தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சூக்-லே லியூ தலைமையிலான குழு 2018இல் 304 ஸ்கேன்களுடன் வெளியிட்ட ‘அட்லஸ்’ என்னும் தொகுப்பு, 2022இல் 1,271 ஸ்கேன்களாக வளர்ந்தது.

[திரையில்: ஓர் அடுக்கில் பாதிப்பின் ஓரத்தைச் சிவப்புக் கோடு சுற்றி வருகிறது.]

எண்ணிக்கையைவிட இந்தச் சிவப்புக் கோட்டுக்கே மதிப்பு அதிகம். பயிற்சி பெற்றவர்கள் கணினித் திரையில் பாதிப்பின் எல்லையைக் கையால் வரைந்திருக்கிறார்கள். இவ்வகைப் படத்தில் பழைய பாதிப்பு கருமையாகத் தெரியும்; மூளைக்குள் இயல்பாகவே நீர் நிறைந்திருக்கும் அறைகளும் கருமையாகத்தான் தெரியும். இரண்டும் ஒட்டிக் கிடக்கும் இடத்தில், எது நோய், எது இயல்பு என்று பிரித்துக் கோடு போடுவதற்குத் தேர்ந்த கண் வேண்டும். இந்தக் கோடுகளைப் பார்த்துத்தான் மென்பொருள்கள் பாதிப்பைத் தாமாகவே அடையாளம் காணக் கற்கின்றன. பெரிய பாதிப்புகளை ஓரளவு நன்றாகவே பிடித்துவிடும் அவை, சிறியவற்றை இன்னமும் அடிக்கடி தவறவிடுகின்றன.

இந்தத் தொகுப்பில் 655 ஸ்கேன்கள் மட்டுமே கோடுகளோடு கிடைக்கும். மென்பொருள்களைச் சோதிப்பதற்காக, மேலும் 300 ஸ்கேன்களைத் தந்துவிட்டு அவற்றின் கோடுகளை மறைத்திருக்கிறார்கள். மீதமுள்ள 316 ஸ்கேன்கள் வெளியிடப்படவே இல்லை. விடைத்தாளை முன்பே பார்த்துவிட்டுப் பரீட்சை எழுதியவரின் மதிப்பெண்ணை யார் நம்புவார்கள்?

[திரையில்: முகப்பகுதி நீக்கப்பட்ட தலையின் பக்கவாட்டுத் தோற்றம்.]

பகிர்வதற்கு முன் நோயாளியின் பெயரையும் பிறந்த தேதியையும் கோப்பிலிருந்து நீக்கினால் போதும் என்று தோன்றும். ஆனால், தலையின் எம்.ஆர்.ஐ. படத்திலிருந்து முகத்தையே மீண்டும் உருவாக்க முடியும் என்பதால், முகப்பகுதியையும் அழித்துவிட்டே வெளியிடுவது வழக்கம்.

கொங்குப் பகுதிக்கு இதில் என்ன பங்கு? கோவை, ஈரோடு, திருப்பூர் மருத்துவமனைகளில் ஸ்கேன்களுக்குக் குறைவில்லை. வெளிநாட்டு ஸ்கேன்களில் மட்டும் பழகிய மென்பொருள், வேறு இயந்திரத்தில், வேறு அமைப்பில் எடுத்த நம்மூர்ப் படங்களில் தடுமாறக்கூடும். எனவே நம் படங்களும் சேர்வது அவசியம் என்பதே என் கருத்து. அதற்கு வீட்டு பீரோவில் இருக்கும் ஃபிலிம் உதவாது. இயந்திரம் பதிவுசெய்த மூலக் கோப்பு வேண்டும். நோயாளியின் ஒப்புதலும் மருத்துவமனை நெறிமுறைக் குழுவின் அனுமதியும் முன்கூட்டியே இருக்க வேண்டும். பக்கவாதம் வந்த நாள், ஸ்கேன் எடுத்த நாள், அப்போது கை எந்த அளவுக்கு அசைந்தது என்ற மதிப்பீடு ஆகியவையும் உடன் இருந்தால்தான், முதலில் கேட்ட அந்தக் கேள்விக்கு அந்தப் படம் பயன்படும்.