பி14-க்கு ஓர் அலமாரி

அவைத்தலைவர் அவர்களே, நேரம் முடிந்த பின்னும் வாசிப்பறையை நமக்காகத் திறந்து வைத்திருக்கும் நூலகர் அம்மையார் அவர்களே, நான் எழுதிக் கொடுத்த தலைப்பை இரண்டு முறை படித்துப் பார்த்த பிறகும் என்னை மேடையேற்றத் துணிந்த செயலாளர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, ராக்கெட் என்ற சொல்லுக்காக மட்டும் பின்வரிசையில் காத்திருக்கும் பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம். நூலகர் அம்மையாருக்குத் தனியாக ஒரு நன்றியும் சொல்ல வேண்டும். காரணம் போகப்போகத் தெரியும்.

இன்று மூன்று செய்திகளைச் சொல்ல எண்ணி வந்திருக்கிறேன். மாதிரி ராக்கெட்டுகளுக்கான கருமருந்து மோட்டார் பிறந்த கதை ஒன்று. அவற்றுள் சில வகைகள் நின்றுபோன காரணம் மற்றொன்று. பின்னால் வந்த கலவை எரிபொருள் மோட்டார்கள் பற்றியது மூன்றாவது.

மோட்டார் என்றதும் மின்விசிறியை நினைத்துவிட வேண்டாம். 18 மில்லிமீட்டர் விட்டமும் 70 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட ஒரு காகிதக் குழாய்தான் அது. அடியில் களிமண்ணால் ஆன புகைவாய், அதற்கு மேல் இறுக்கி அழுத்திய கருமருந்து, அதற்கும் மேல் புகைந்துகொண்டே நொடிகளை எண்ணும் தாமத மருந்து, உச்சியில் பாராசூட்டை வெளியே தள்ளும் சிறு வெடிப்பு மருந்து, அவ்வளவுதான். கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்று நம் வீடுகளில் சொல்வது இதற்குத்தான் முற்றிலும் பொருந்தும்.

1954-இல் நெப்ராஸ்கா மாநிலத்து நார்ஃபோக் ஊரில் செருப்புக்கடை வைத்திருந்த ஆர்வில் கார்லைல் என்பவரே இதைச் செய்து பார்த்தவர். ஒயிட் சாண்ட்ஸ் ஏவுதளத்தில் பணியாற்றிய ஹாரி ஸ்டைன் அதன் அருமையை அறிந்து, 1957-இல் டென்வரில் நிறுவனம் தொடங்கினார். அந்நிறுவனத்துக்கு வேண்டிய மோட்டார்களை ஒரே தரத்தில் அழுத்தித் தள்ள வெர்னான் எஸ்டெஸ் ஓர் இயந்திரம் அமைத்து அதற்கு ‘மேபெல்’ என்று பெண் பெயரும் சூட்டினார். 1961-இல் அவர் தொழிலைப் பென்ரோஸுக்கு மாற்றினார். டென்வர் நிறுவனம் முதல் பென்ரோஸ் வரை இவ்வளவும் நாம் அமர்ந்திருக்கும் இதே கொலராடோவில் நடந்தது என்பதை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்?

மோட்டாரின் மேலுள்ள எழுத்து மொத்த உந்துதலைக் குறிக்கும். ஒவ்வொரு எழுத்துக்கும் அதன் உச்ச அளவு இரட்டிப்பாகும். அடுத்துள்ள எண் சராசரி உந்துவிசை, கோட்டுக்குப் பின்னுள்ளது தாமத நொடி. பி6, பி14 இரண்டும் ஒரே அளவு ஆற்றல் கொண்டவை. ஆனால் பி6 ஏறக்குறைய முக்கால் நொடி எரியும்போது, பி14 அதில் பாதி நேரத்திலேயே அனைத்தையும் கொட்டித் தீர்த்துவிடும். அழுத்திய மருந்தின் நடுவே ஆழமாகத் துளையிட்டிருந்ததால் எரியும் பரப்பு மிகுந்து, கனமான ராக்கெட்டையும் அது ஏவுகம்பியை விட்டு விருட்டென்று கிளப்பும்.

நான் டென்வரில் பள்ளி மாணவனாக இருந்தபோது என் தந்தையார் ஒரு பி14-5 வாங்கித் தந்தார். அவர் கணக்கர், இவ்வளவு சிறியதற்கு இவ்வளவு விலையா என்று கடையிலேயே இரண்டு முறை கேட்டவர். ஞாயிறு காலை, குளிர் தாங்காமல் வேட்டிக்கு மேல் கம்பளிக் கோட்டு அணிந்துகொண்டு திடலுக்கு வந்தார். பிளாஸ்டிக் பாராசூட் மடிப்போடு மடிப்பு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க முகப்பவுடர் தூவ வேண்டும். எங்கள் வீட்டில் இருந்ததோ சென்னையிலிருந்து அத்தை கொடுத்தனுப்பிய குட்டிக்கூரா டப்பா ஒன்றுதான். அம்மா, தோசை மாவுக்கு உப்புப் போடுவது போலக் கொஞ்சமாகத் தூவினார். நான் அவர் பார்க்காதபோது டப்பாவையே கவிழ்த்தேன். தந்தையார் ‘ஐந்து, நான்கு’ என்று தமிழில் எண்ணத் தொடங்கினார். ‘மூன்று’ வருவதற்குள் நான் பொத்தானை அழுத்திவிட்டேன். சீறல் என்று சொல்ல முடியாது, துணியைக் கிழித்தது போல ஓர் ஒலி. கம்பியில் ராக்கெட் இல்லை. அண்ணாந்து பார்த்தால் மேலே ஒரு வெண்மேகம் பூத்தது. பாதி புகை, பாதி குட்டிக்கூரா. ராக்கெட் இரண்டு தெரு தள்ளி ஒரு முதிய அமெரிக்கப் பெண்மணியின் தோட்டத்தில் இறங்கியது. அதை அவரே கொண்டுவந்து கொடுத்து, “இதுவரை என் தோட்டத்தில் விழுந்தவை எல்லாம் கந்தகம் நாறின, இது மட்டும் மணக்கிறது” என்றார். தந்தையார் ஒரு கணம் யோசித்துவிட்டு, “இது மெட்ராஸ் ராக்கெட்” என்றார். அதன் பிறகு அவர் விலையைப் பற்றிப் பேசியதே இல்லை. கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்று அன்று மாலை அம்மாவிடம் சொன்னவரும் அவரே.

அந்த பி14 பின்னர் நின்றுபோனது. இறுகிய கருமருந்தில் துளையிடுவது விளையாட்டு வேலை அன்று. மிசௌரி மாநிலத்து ரேடவுனில் இருந்த ஃபிளைட் சிஸ்டம்ஸ் நிறுவனத்தின் எஃப்7, எஃப்100 ஆகியவையும் இன்று இல்லை; ஒரே எழுத்துக்குள் ஒன்று நிதானமாகப் புகைந்துகொண்டே ஏறும், மற்றொன்று கண்ணிமைப்பதற்குள் தீர்ந்துவிடும்.

பழைய மோட்டாரைப் பூட்டி வைத்தால் போதுமே என்பார்கள். கோடையின் வெப்பமும் பனிக்காலக் குளிரும் மாறி மாறித் தாக்கும்போது அழுத்திய மருந்தில் விரிசல் விழும், காகிதச் சுவரிலிருந்து அது பிரியும். பிறகு பற்றவைத்தால் பறக்காது, வெடிக்கும். எரித்தால் தீர்ந்துபோகும், வைத்தால் கெட்டுப்போகும் பொருளை எப்படித்தான் காப்பது? எரிந்து முடிந்த மோட்டாரின் காகிதக் கூட்டையும் அதைப் பற்றிய ஏட்டையும்தான் காக்க முடியும். கூட்டின் மேல் பச்சை மை இருந்தால் ஒற்றைக்கட்ட ராக்கெட்டுக்கு உரியது, சிவப்பு கீழ்க்கட்டத்துக்கு, ஊதா மேல்கட்டத்துக்கு. தயாரித்த நாளைக் காட்டும் குறியீடும் அதிலேயே இருக்கும். ஒரு வரலாற்றை எழுதுவதற்கு இது போதாதா?

ஆகவேதான், கலவை எரிபொருளை மற்றொரு நாளுக்கு ஒத்திவைத்துவிட்டு, நான்கு ஆண்டுகளாக நான் கேட்டுக்கொண்டிருப்பதை இன்றும் கேட்கிறேன். இந்த வாசிப்பறையின் வடக்குச் சுவரில், நாற்காலிகள் அடுக்கியிருக்கும் அந்த இடத்தில், இரண்டடி அகலத்தில் ஒரு கண்ணாடி அலமாரி வேண்டும். எரிந்த கூடுகள், பழைய விலைப்பட்டியல்கள், உந்துவிசை வரைபடங்கள் இவற்றுக்கு இரண்டடியே தாராளம். கடுகு சிறுத்தாலும் என்று நான் தொடங்கும்போதே நூலகர் அம்மையார் புன்னகைக்கிறார்கள். அதை இசைவு என்றே எடுத்துக்கொள்கிறேன்.

வாசலருகே மேசையில் விண்ணப்பம் இருக்கிறது, கையொப்பமிட்டுச் செல்லுங்கள். அடுத்த சனிக்கிழமை உங்கள் பரணில் கிடக்கும் கூடுகளைக் கொண்டுவாருங்கள்; சிவப்பு மையில் அச்சிட்ட கூடு என்னிடம் ஒன்றுகூட இல்லை. எரிந்த கூடுகளை மட்டும் கொண்டுவாருங்கள். மருந்துள்ள மோட்டாரை யாரேனும் எடுத்துவந்தால், அம்மையார் அவரோடு சேர்த்து என்னையும் வெளியே அனுப்பிவிடுவார்கள்.