பாரம் இழுக்கும் லாரியும் பயோடீசலும்

நேயர்களுக்கு வணக்கம். கடலூர் முதுநகரில் 25 வருடமாக, இயந்திரத்துக்குள் டீசலைப் பீய்ச்சும் பம்பு, நாசில் இவற்றைப் பழுதுபார்க்கும் வேலை பார்த்து வருகிறேன். என் பட்டறைக்கு வருவதில் பாதிக்கு மேல் பாரம் இழுக்கிற வண்டிகள்தான். நெய்வேலிக்கு இயந்திரம் கொண்டுபோகும் டிரெய்லர் லாரி வரும், நெல்லிக்குப்பத்துக்குக் கரும்பு இழுக்கும் டிராக்டர் வரும். இப்போது அந்த ஓட்டுநர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "அண்ணே, பயோடீசல் ஊத்தலாமா? லோடு இழுக்குமா?"

இழுக்கும். ஆனால் டேங்கையும் ஃபில்டரையும் கவனிக்காதவர் ஊற்றக் கூடாது. ஏன் என்று சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

பயோடீசல் என்பது சமையல் எண்ணெய் போன்ற எண்ணெய்களிலிருந்து செய்கிற எரிபொருள். எண்ணெயில் இயந்திரம் ஓட்டுவது புதிதும் இல்லை. 1900-இல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் இயந்திரத்தைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள். நம் விருத்தாசலம் பக்கம் விளைகிற அதே கடலைதான். இதைக் கேள்விப்பட்டுவிட்டு, செக்கெண்ணெயையோ பஜ்ஜி பொரித்த எண்ணெயையோ வடிகட்டி நேராக ஊற்றலாம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அந்தக் கால இயந்திரம் வேறு. இன்றைய நாசிலின் துளை மயிரிழை போல இருக்கும். எண்ணெயோ டீசலைவிடப் பத்து மடங்குக்கும் மேல் கெட்டியானது. அது பனிபோலச் சிதறாமல் சொட்டாக விழும், சரியாக எரியாமல் நாசில் முனையில் கரியாகப் படியும். அப்படிக் கரி அடைத்த நாசில்களை என் கையால் எத்தனையோ முறை கழற்றியிருக்கிறேன்.

பயோடீசல் என்பது எண்ணெயை மெத்தனாலோடு சேர்த்து, காரம் கலந்து, அதிலுள்ள கிளிசரினைப் பிரித்தெடுத்த பிறகு கிடைக்கும் பொருள். கிளிசரின் போனதும் எண்ணெய் இளகி, ஏறக்குறைய டீசல் பதத்துக்கு வந்துவிடும். இதை வீட்டில் செய்து பார்க்க ஆசைப்படும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. 2023-இல் மரக்காணத்திலும் 2024-இல் கள்ளக்குறிச்சியிலும் சாராயத்தில் கலந்து அத்தனை உயிர்களை வாங்கியது இந்த மெத்தனால்தான். அதன் ஆவியும் ஆபத்து, சட்டென்று தீயும் பிடிக்கும். கொல்லைப்புறத்தில் வைத்துச் செய்கிற வேலை இல்லை இது.

பொரித்த எண்ணெயை என்ன செய்வது என்றால், அதற்கு வழி இருக்கிறது. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் கெட்டுப்போன கூறுகள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதில் சமைக்கக் கூடாது என்பது 2018 ஜூலையிலிருந்து விதி. அதே ஆண்டில்தான், அந்த எண்ணெயைச் சேகரித்துப் பயோடீசலாக்கும் திட்டத்தை மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் தொடங்கியது. புதுச்சேரி கடற்கரையிலும் நம் சில்வர் பீச்சிலும் தினமும் எவ்வளவு பஜ்ஜி வேகிறது! அந்த எண்ணெய் மறுபடி சட்டிக்கோ சாக்கடைக்கோ போகாமல் லாரிக்குப் போனால் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

சரி, இழுவைக்கு வருவோம். ஒரு லிட்டர் பயோடீசலில் டீசலைவிடச் சுமார் 8 சதவீதம் சக்தி குறைவு. 20 பங்கு பயோடீசல், 80 பங்கு டீசல் என்று கலந்தால் ஒன்றிரண்டு சதவீதம்தான் குறையும். லோடோடு லிட்டருக்கு 3 கிலோமீட்டர் ஓடும் வண்டியில் அது 50 மீட்டர் கணக்கு. காற்றழுத்தம் குறைந்த ஒரு டயரே அதற்கு மேல் தின்றுவிடும். பம்புக்கு இதில் நன்மையும் உண்டு. கந்தகத்தை நீக்கிய இன்றைய டீசலுக்கு வழவழப்பு குறைவு, அந்தக் குறையைப் பயோடீசல் ஈடுகட்டும்.

என் மைத்துனர் தன் டிரெய்லர் லாரிக்கு முதல் முறை இந்தக் கலப்பை ஊற்றியபோது நடந்ததைச் சொல்கிறேன். வண்டிக்கு அப்போது ஒன்பது வயது. இங்கிருந்து திருவண்ணாமலை தாண்டும் வரை ஒரு குறையும் இல்லை. கிருஷ்ணகிரி தாண்டி ஓசூர் ஏற்றத்தில் வண்டி மூச்சு வாங்க ஆரம்பித்தது. கியரை இறக்கிக்கொண்டே வந்து, கடைசியில் நின்றேவிட்டது. பின்னால் இரும்பு லோடு, அதற்குப் பின்னால் வரிசையாக வண்டிகள். போனில் என்னைக் கூப்பிட்டார். "ஃபில்டரைக் கழற்றிப் பாருங்க மாப்பிள்ளை" என்றேன். உள்ளே கறுப்புச் சேறு.

பயோடீசலுக்கு அழுக்கைக் கரைக்கும் குணம் உண்டு. ஒன்பது வருடம் டேங்கின் அடியில் படிந்திருந்ததை அது பெயர்த்து ஃபில்டரில் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. காலி வண்டிக்குக் கொஞ்சம் எரிபொருள் போதும், பாதி அடைத்த ஃபில்டரோடும் நாள்கணக்கில் ஓடிவிடும். பாரம் இழுத்து ஏறும்போதுதான் பம்பு முழு எரிபொருளையும் கேட்கும். பாரம் இழுக்கிறவர்களுக்கு நான் தனியாகச் சொல்ல வேண்டியிருப்பது இதனால்தான். பழைய வண்டி என்றால் டேங்கைக் கழுவிவிட்டு ஊற்றுங்கள். முதல் இரண்டு மாதம் கேபினில் இரண்டு புது ஃபில்டர் இருக்கட்டும்.

அப்புறம் தண்ணீர். கடலோரத்தில் இருக்கிற நமக்கு இதுதான் பெரிய எதிரி. டீசலைவிடப் பல மடங்கு ஈரத்தைப் பயோடீசல் தன்னுள் இழுத்து வைத்துக்கொள்ளும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்து, தென்பெண்ணையும் பெருகியபோது, அரை டேங்கோடு பத்து நாள் நின்ற வண்டிகள் பிறகு என்னிடம் வந்தன. டேங்கின் அடியில் தண்ணீர், அதன் மேல் வழவழவென்று பாசிபோல ஒன்று. ஈரத்தில் வளரும் கிருமிகள் அவை. மழைக்காலத்தில் வண்டியை நிறுத்துவதென்றால் டேங்கை நிரப்பி நிறுத்துங்கள். நீர் பிரிப்பானின் அடித் திருகைத் தினமும் காலையில் திறந்து வடித்துவிடுங்கள். மாதக்கணக்கில் நிற்கப்போகும் வண்டிக்குப் பயோடீசல் கலப்பே வேண்டாம், வைத்திருந்தால் கெட்டுப்போகும்.

பழைய ரப்பர் ஹோஸ்களையும் விரலால் அழுத்திப் பாருங்கள். ஊறி மெத்தென்று ஆகியிருந்தால் உடனே மாற்றிவிடுங்கள். பாமாயிலிலிருந்து எடுத்த பயோடீசல் குளிரில் கலங்கும். நமக்கு இங்கே கவலையில்லை, ஆனால் தை மாதம் வடக்கே லோடு ஏற்றுபவர்கள் எதிலிருந்து எடுத்தது என்று கேட்டு வாங்க வேண்டும்.

2020-க்குப் பிறகு வந்த பிஎஸ் 6, அதாவது புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி செய்த வண்டிக்காரர்கள், கம்பெனி கொடுத்த கையேட்டில் எத்தனை சதவீதம் வரை அனுமதி என்று பார்த்துவிட்டுத்தான் தொட வேண்டும். புகைக் குழாயின் வடிகட்டியைச் சுத்தம் செய்ய இந்த வண்டிகளில் பல சிலிண்டருக்குள் கூடுதலாக எரிபொருள் பீய்ச்சும். பயோடீசல் எளிதில் ஆவியாகாததால் அதில் கொஞ்சம் சிலிண்டர் சுவரோடு இறங்கி என்ஜின் ஆயிலில் கலந்துவிடும். ஆயில் கம்பியில் மட்டம் ஏறியிருக்கிறதே என்று சந்தோஷப்படாதீர்கள், அது கெட்ட அறிகுறி.

வாங்கும் இடத்தில் சுத்தப் பயோடீசலுக்கு ஐஎஸ் 15607, கலப்புக்கு ஐஎஸ் 16531 தரச் சான்று இருக்கிறதா என்று வாய்விட்டுக் கேளுங்கள். காட்டத் தயங்கினால், பத்து ரூபாய் குறைவு என்றாலும் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.