ஆயிரம் ரூபாய்த் தாளின் பின்பக்கம்: போரை விற்ற ஒரு படத்தின் கதை

[திரையில்: மேடையில் மூன்று இளைஞர்கள், கறுப்பு வெள்ளைப் படம்]

இந்த மூன்று பேரையும் நன்றாகப் பாருங்கள். 1945இல் அமெரிக்கா முழுக்க மேடை மேடையாக ஏற்றி, "அந்தப் படத்தில் கொடி நாட்டுகிறவர்கள் இவர்கள்தான்" என்று மக்களுக்குக் காட்டினார்கள். மூன்று பேரில் இரண்டு பேர் அந்தப் படத்திலேயே இல்லை! அது தெரியவர எழுபது வருடத்துக்கு மேல் ஆனது.

வணக்கம். கிளிநொச்சியில் இருந்து கதைக்கிறேன். அது என்ன படம் என்று சொல்வதற்கு முன், என் கையில் இருக்கும் தாளைப் பாருங்கள்.

[திரையில்: 1000 ரூபாய்த் தாள், மிக நெருக்கமாக]

போர் முடிந்த 2009இலேயே இலங்கை மத்திய வங்கி வெளியிட்ட தாள் இது. முன்பக்கம் அப்போதைய ஜனாதிபதி மகிந்த ராஜபக்ச, கைகளை உயர்த்தியபடி. பின்பக்கம் படையினர் கொடி ஏற்றுகிறார்கள். இதை நான் முதன்முதலாகப் பார்த்தது முகாமில். பால்மா வாங்க வரிசையில் நின்ற அம்மா ஒருதரம் திருப்பிப் பார்த்தார். பிறகு நான்காக மடித்துச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார். அந்தப் படத்தைப் பார்க்க அவருக்கு எப்படி இருந்திருக்கும்? ஆனாலும் தங்கச்சிக்குப் பால்மா வேண்டுமே.

அந்தக் கொடிப் படத்தை வேறெங்கோ பார்த்த மாதிரி எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. தேடினேன். இவோ ஜிமா!

ஜப்பானுக்குச் சொந்தமான சின்னத் தீவு. 1945 பெப்ரவரி 23, சுரிபாச்சி மலை உச்சி. ஆறு அமெரிக்கப் படையினர் சேர்ந்து கொடிக்கம்பத்தைத் தூக்கி நிறுத்துகிறார்கள், ஜோ ரோசந்தால் படமெடுக்கிறார். சில நாட்களுக்குள் அமெரிக்கப் பத்திரிகைகளில் எல்லாம் அந்தப் படம்தான். பார்த்தால் சண்டை வென்று முடிந்தது போலவே இருக்கும். ஆனால் அதன்பிறகும் ஒரு மாதம் அந்தத் தீவில் ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். படத்தில் இருக்கும் ஆறு பேரில் மூவர் அங்கேயே இறந்தார்கள். இன்னொன்று, அன்றைக்கு அந்த மலையில் ஏறிய இரண்டாவது கொடி அது. முதலில் ஏற்றியது சிறிய கொடி, அதை இறக்கிவிட்டுப் பெரியதை ஏற்றினார்கள். இன்று எல்லோருக்கும் தெரிந்தது இரண்டாவதுதான்.

அப்போது அமெரிக்க அரசுக்குப் போர் நடத்தக் காசு வேண்டும், மக்களிடம் கடன் கேட்க வேண்டும். இந்தப் படத்தைச் சுவரொட்டி ஆக்கினார்கள், முத்திரை ஆக்கினார்கள். "உயிரோடு மிஞ்சியவர்கள்" என்று ஜோன் பிராட்லி, ரெனே கக்னான், ஐரா ஹேய்ஸ் என்ற மூன்று பேரை ஊர் ஊராக அழைத்துப் போனார்கள். 2,600 கோடி டாலருக்கு மேல் சேர்ந்தது! பிராட்லி படத்தில் இல்லை என்று மரைன் படை 2016இல் ஒத்துக்கொண்டது, கக்னான் இல்லை என்று 2019இல். மூவரில் படத்தில் உண்மையாகவே இருந்தவர் ஐரா ஹேய்ஸ் மட்டும்தான். பிராட்லி முதல் கொடியில் நின்றவர், அவரைப் பொய்யர் என்று நான் சொல்லமாட்டேன். அரசுக்கு அவசரமாக முகங்கள் தேவைப்பட்டன. கிடைத்த முகங்களை ஏற்றிவிட்டார்கள்.

படைக்கு ஆள் சேர்க்கப் பிரிட்டனில் 1914இல் போர் அமைச்சர் கிச்சனர் விரல் நீட்டிய படமும், 1917இல் அமெரிக்காவின் 'அங்கிள் சாம்' சுவரொட்டியும் உங்களுக்குத் தெரிந்தவைதான். அதைவிட எங்கள் வீட்டுக் கதைக்கு வருவோம்.

புறநானூறு 279, ஒக்கூர் மாசாத்தியார் பாட்டு. முதல்நாள் கணவனைப் போரில் இழந்தவள், இருக்கிற ஒரே மகன் கையில் வேல் கொடுத்து அனுப்புகிறாள். வகுப்பில் இதை வீரத்தாய் பாட்டு என்றுதான் படித்தோம். ஆனால் தயவுசெய்து ஒருதரம் மெதுவாக வாசியுங்கள். பறைச் சத்தம் கேட்டதும் அவள் 'விருப்புற்று மயங்கி' என்று இருக்கிறது. மயங்கி! அந்தப் பறையை அடிப்பிப்பவன் அரசன். பிள்ளையின் காய்ந்த தலைமயிரில் எண்ணெய் தடவிவிடுவது தாய். இரண்டையும் ஒரே பாட்டில் அந்தப் புலவர் வைத்திருக்கிறார். எனக்கு இதை வாசித்தால் நெஞ்சு அடைக்கும்.

இதைச் சொல்லிவிட்டு எங்கள் பக்கத்தைச் சொல்லாமல் போனால் அது நேர்மை இல்லை. போர்க்காலத்தில் வன்னியை ஆண்ட விடுதலைப் புலிகள் இயக்கமும் பாட்டாலும் வீதி நாடகத்தாலும் ஆள் சேர்த்தது. விரும்பிப் போனவர்கள் உண்டு, வீட்டுக்கு ஒருவர் என்று பிடித்துப் போகப்பட்டவர்களும் உண்டு. போர் முடிந்தபின் அரசின் முறை வந்தது. எறிகணை துளைத்த கொங்கிறீட் கட்டியின் மேல் தாமரை பூத்த நினைவுச்சின்னம் கிளிநொச்சி நகரிலேயே நிற்கிறது. இறந்த போராளிகளைப் புதைத்த துயிலுமில்லங்கள் இடிக்கப்பட்டன.

உங்கள் வீட்டில் அந்தத் தாள் வந்தபோது பெரியவர்கள் என்ன சொன்னார்கள்? கீழே எழுதுங்கள், எல்லாவற்றையும் வாசிப்பேன்.

[திரையில்: கந்தசுவாமி கோவில் முன் கொட்டகை]

இங்கே காணாமல் ஆக்கப்பட்டவர்களின் அம்மாமார் 2017 பெப்ரவரி 20இல் போராட்டத்தைத் தொடங்கினார்கள். கையில் பிள்ளைகளின் படங்கள். மழைத் தண்ணீர் இறங்கிச் சில முகங்கள் வெளிறிவிட்டன. நான் கமராவைத் தூக்கியதும் ஓர் அம்மா படத்தைத் தலைப்பால் துடைத்துவிட்டுச் சொன்னார்: "கிட்ட வந்து எடு தம்பி. இதில மகன் வடிவா இருக்கிறான்."