தூண் நகராமல் பிளாக்கை மாற்றுவது

வணக்கம் நண்பர்களே. திரையில் தெரிவது காரைக்குடிப் பக்கத்து வீடு ஒன்றின் தரைப்படம். முகப்பு, வளவு என்கிற நடு முற்றம், இரண்டாங்கட்டு என்று உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது. வளவைச் சுற்றி நாலு பக்கமும் தேக்குத் தூண்கள், அத்தனையும் ஆட்டோகேட் என்கிற வரைபட மென்பொருளில் ஒரே பிளாக், அதாவது ஒரு முறை வரைந்து வேண்டிய இடமெல்லாம் செருகும் வடிவம். அளவெடுத்த வேகத்தில் வெறும் வட்டமாகப் போட்டிருந்தோம். இப்போது அடிக்கல்லின் சதுரமும், தூணின் உச்சியில் உத்தரத்தைத் தாங்குகிற போதிகையின் புள்ளிக்கோடும் சேர்க்க வேண்டும். ஆனால் ஒரு தூண்கூட இம்மியும் நகரக் கூடாது. இது பழுதுபார்ப்புக்கான படம். உத்தரத்தின் அளவு முழுக்கத் தூணின் நடுவிலிருந்துதான் எடுத்திருக்கிறது.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். தூணின் வடிவம் படத்துக்குள் ஒரே ஒரு முறைதான் இருக்கிறது. செருகிய ஒவ்வொரு தூணும் ‘இந்தப் புள்ளியில், இந்தக் கோணத்தில், இந்த அளவில் காட்டு’ என்கிற குறிப்பு மட்டும்தான். அந்தப் புள்ளியில் வந்து உட்காருவது பிளாக்கின் பேஸ் பாயிண்ட். பழைய பிளாக்கில் அது வட்டத்தின் நடுவில் இருந்து, புதியதில் அடிக்கல்லின் மூலைக்குப் போய்விட்டால், பதினெட்டு அங்குலக் கல்லுக்கு ஒவ்வொரு தூணும் இரண்டு திசையிலும் ஒன்பது அங்குலம் தள்ளிப்போகும்.

எல்லாம் ஒரே பக்கம் தள்ளினாலாவது மூவ் போட்டு மொத்தமாக இழுத்துவிடலாம். இங்கே அதுவும் நடக்காது. போதிகை வளவைப் பார்க்க வேண்டும் என்பதற்காகத் தூண்களைப் பக்கத்துக்குப் பக்கம் திருப்பிச் செருகியிருக்கிறோம். அதனால் கிழக்கு வரிசை ஒரு பக்கம் போனால் மேற்கு வரிசை நேர் எதிர்ப்பக்கம் போகும். இப்படிக் கலைந்த படம் ஒன்று வேறொரு இடத்திலிருந்து எங்களிடம் வந்தது. பார்க்கவே வயிறு எரிந்தது.

சரி, செய்முறைக்கு வருவோம். பிளாக்கைத் திருத்துகிற கட்டளையான பிஎடிட் (BEDIT) என்று அடித்து, தூண் பிளாக்கைத் திறக்கிறேன். நடுவில் அச்சுக் குறி தெரிகிறதா? அந்தப் பூஜ்யம்தான் பேஸ் பாயிண்ட். அதை விட்டுவிட்டு, புதிய கோடுகளை அதைச் சுற்றி வரையுங்கள். வேறிடத்தில் வரைந்ததை ஒட்டினால், அடிக்கல்லின் நடுவைப் பிடித்து மூவ் கொடுங்கள். இரண்டாவது புள்ளிக்கு வெறும் 0,0 அடிக்காதீர்கள். கர்சர் பக்கத்திலேயே எண்ணை அடிக்க விடுகிற டைனமிக் இன்புட் ஓடும்போது அது ‘இருக்கிற இடத்திலிருந்து பூஜ்யம் தூரம்’ என்று எடுத்துக்கொள்ளும், கல் அசையவே அசையாது. முன்னால் ஹேஷ் குறி போட்டு #0,0 என்று அடியுங்கள். இப்போது சரியாகப் போய் உட்கார்ந்தது, பாருங்கள்.

புதிய தூண் தனிக் கோப்பாக இருந்தால், அந்தக் கோப்பில் பேஸ் கட்டளையால் தூணின் நடுவைக் குறித்துச் சேமியுங்கள். அப்புறம் இந்தப் படத்தில், கழித்தல் குறியோடு -இன்செர்ட் அடித்து, பிளாக் பெயர், சமக்குறி, கோப்பின் பெயர் என்று கொடுங்கள். மாற்றட்டுமா என்று கேட்கும், ஆம் சொல்லுங்கள். எங்கே செருக என்று கேட்கும்போது எஸ்கேப். புதிதாக ஒன்றும் விழாது, பழையவை எல்லாம் மாறிவிடும். வேறு கோப்புகளில் உள்ள பிளாக்குகளைக் காட்டுகிற டிசைன் சென்டரில், பிளாக்கின் மேல் ரைட் கிளிக் செய்தால் ‘ரீடிஃபைன் ஒன்லி’ இருக்கிறது, அதுவும் இதே வேலைதான். வெறுமனே இழுத்துப் போட்டாலோ, காப்பி பேஸ்ட் செய்தாலோ, அதே பெயரில் இங்கே ஏற்கனவே இருக்கிற பழைய வடிவமே நிற்கும். இரண்டு கோப்பும் ஒரே அலகில் இருப்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். நம் ஆசாரிகள் அங்குலத்தில் பேசுவார்கள், படம் மில்லிமீட்டரில் இருக்கும்.

கதவு, சன்னல் பிளாக்குகளில் எண் எழுதும் ஆட்ரிபியூட், அதாவது செருகும் ஒவ்வொன்றிலும் தனித்தனியாக நிரப்பும் எழுத்து, இருக்கும். அதில் புதிதாக ஒன்று சேர்த்தால் ஏற்கனவே செருகியவற்றில் தானாக வராது, அட்சிங்க் (ATTSYNC) கட்டளை கொடுக்க வேண்டும். கொடுத்தால் எழுதிய எண்கள் அப்படியே இருக்கும். ஆனால் கோட்டின் மேல் படாமல் கையால் ஒதுக்கிவைத்த எழுத்துகள் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். முகப்பில் நெருக்கமாகக் கதவும் சன்னலும் வரும் இடத்தில் அது பெரிய வேலை. ஆட்ரிபியூட்டைத் தொடவில்லை என்றால் அட்சிங்கையும் தொடாதீர்கள்.

பேஸ் பாயிண்ட்டையே மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் கையால் செய்யாதீர்கள். ஒவ்வொரு தூணின் கோணத்தையும் அளவையும் பார்த்து, அதற்கு ஏற்ப எதிர்ப்பக்கம் நகர்த்திக் கொடுக்கிற, ஆட்டோகேடுக்குள் ஓடும் லிஸ்ப் நிரல்கள் இருக்கின்றன.

கடைசியாகச் சரிபார்ப்பு. மாற்றுவதற்கு முன்னால் சேமித்து வைத்த பிரதியை எக்ஸ்ரெஃபாக, அதாவது இந்தப் படத்தோடு இணைத்துக் காட்டும் வெளிக்கோப்பாக, 0,0வில் போடுகிறேன். மங்கலாகத் தெரிவது பழைய வட்டங்கள். புதிய தூண் ஒவ்வொன்றும் அதன் மேலேயே நிற்கிறதா என்று வளவின் நாலு மூலையிலும் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு வரிசையை மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிடாதீர்கள். சரியாக இருந்தால் எக்ஸ்ரெஃபைக் கழற்றிவிட்டுச் சேமிக்கலாம்.