"நீங்களும் தப்பா புரிஞ்சுக்கிட்டீங்க"

நேயர்களுக்கு வணக்கம். உளவியல் சிகிச்சையாளர் என்று சொல்லிக்கொண்டால் உடனே வரும் கேள்வி, "அப்போ அட்வைஸ் பண்ணுவீங்களா?" இல்லை. அறிவுரை சொல்ல அவரவர் வீட்டிலேயே ஆள் இருக்கிறார்கள். அதையெல்லாம் கேட்டுச் சலித்த பிறகுதான் ஒருவர் என் அறைக்கு வருகிறார். மாத்திரை எழுதுவதும் என் வேலை அல்ல, அது மனநல மருத்துவருடையது.

முதல் நாளே ஒன்றைச் சொல்லிவிடுவேன். இங்கே பேசுவது வெளியே போகாது. ஆனால் உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்று தெரிந்தால் நான் சும்மா இருக்க மாட்டேன். சொல்லச் சங்கடமான வாக்கியம்தான். ஆனாலும் பிறகு சொன்னால் அது துரோகம் மாதிரி ஆகிவிடும்.

அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1942-லேயே, வருகிறவரை 'நோயாளி' என்று அழைக்காமல் 'கிளையண்ட்' என்று எழுதினார். 1957-ல் அவர் வெளியிட்ட கட்டுரை, சிகிச்சையாளரிடம் மூன்று குணங்களைக் கேட்டது: எதிரே இருப்பவரின் இடத்திலிருந்து உணர்வது, நிபந்தனை இல்லாமல் ஏற்பது, வேஷம் போடாமல் இருப்பது. முதல் இரண்டையும் ஓரளவு பழகிக்கொள்ளலாம். மூன்றாவதுதான் என்னை இன்றைக்கும் படுத்துகிறது. புரியாதபோது புரிந்த மாதிரி தலையாட்டுவது அவ்வளவு சுலபம்!

ஒரு சம்பவம். பலருடைய அனுபவங்களைக் கலந்து, ஆள் தெரியாதபடி சொல்கிறேன். அம்மாவை இழந்த ஒருவர் வந்துகொண்டிருந்தார். மூன்றாவது அமர்வில், "அம்மா மேல கோபம் இருக்கா?" என்று கேட்டேன். "இருக்கலாம்" என்றார். சரியான இடத்தைத் தொட்டுவிட்டோம் என்று உள்ளுக்குள் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. அடுத்த வாரம் இருபது நிமிடம் தாமதமாக வந்தார். அதற்கடுத்த வாரம் எதைக் கேட்டாலும் "ஆமா சார்", "சரி சார்."

எல்லாவற்றுக்கும் ஒருவர் 'ஆமா' சொல்ல ஆரம்பித்தால் நான் உஷாராகிவிடுவேன். கோபித்துக்கொண்டு பேசுகிறவரைவிட அவர்தான் பாதியில் நின்றுவிடக்கூடியவர். அதனால் கேட்டேன்: "அன்னைக்குக் கோபம்னு நானா ஒரு முடிவுக்கு வந்துட்டேனோ?"

ரொம்ப நேரம் பேசவில்லை. அந்த மௌனத்தை நிரப்பாமல் இருப்பதும் என் வேலையில் ஒரு பாதி. பிறகு சொன்னார்: "ஆமா சார். எங்க வீட்டு ஆளுங்க மாதிரியே நீங்களும் தப்பா புரிஞ்சுக்கிட்டீங்க. எனக்குக் கோபமெல்லாம் இல்ல. கடைசி நாள்ல பக்கத்துல இல்லாம போயிட்டேன், அவ்வளவுதான்."

நான் மன்னிப்புக் கேட்டேன். தன்னைக் காயப்படுத்தியவரிடமே அதைச் சொல்வது அவருக்கு அதுவரை பழக்கமே இல்லாத விஷயம். சொன்னார், உறவு அறுந்துபோகவில்லை. என் கெட்டிக்காரத்தனமான கேள்வியைவிட அவருக்கு உதவியது இதுதான் என்று நினைக்கிறேன்.

எட்வர்ட் போர்டின் என்ற உளவியலாளர் 1979-ல் சிகிச்சை உறவை மூன்றாகப் பிரித்துக் காட்டினார்: எதற்காகச் சந்திக்கிறோம், அதற்கு என்ன செய்யப்போகிறோம் என்பவற்றில் உடன்பாடு, பிறகு இருவருக்கும் இடையிலான பிணைப்பு. அந்தப் பிணைப்பு அவ்வப்போது கிழியும். கிழிந்ததைக் கவனித்துத் தைக்கத்தான் பயிற்சி வேண்டியிருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் வகுத்த, எண்ணங்களை ஆராய்ந்து மாற்ற உதவும் சிகிச்சை முறையில், அமர்வு முடியும்போது அன்றைய பேச்சு எப்படி இருந்தது என்று கிளையண்டிடமே கேட்பது வழக்கம். நான் அந்த முறையைப் பின்பற்றுகிறவன் அல்ல, இருந்தாலும் அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டேன்: "இன்னைக்கு நான் சொன்னதுல ஏதாவது உறுத்துச்சா?" முதல் சில வாரங்கள் எல்லோரும் "இல்லை" என்பார்கள். விடாமல் கேட்க வேண்டும்.

அந்த நண்பர் சில மாதங்கள் கழித்து ஒருநாள் உள்ளே வந்து உட்கார்ந்ததுமே சொன்னார்: "சார், இன்னைக்கு அம்மாவைப் பத்திப் பேச வேண்டாம். நீங்க கேட்டாலும் சொல்ல மாட்டேன்."

சரி என்றேன். அன்று முழுக்க அவருடைய வேலையைப் பற்றித்தான் பேசினோம்.