சூதும் வாதும்: தலைவர்கள் சந்திப்பும் பந்தயச் சந்தையும்

(நூலக வாசகர் வட்டத்தில் ஆற்றிய உரை)

அவைத் தலைவர் ஐயா அவர்களே, பேரனுக்குக் காய்ச்சல் என்றபோதும் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கிற நகர்மன்ற உறுப்பினர் அம்மா அவர்களே, நூலகர் அவர்களே, ஓய்வு பெற்ற ஆசிரியப் பெருமக்களே, ஒலிபெருக்கி தந்து உதவிய தம்பிமார்களே, அனைவருக்கும் வணக்கம். பொன்னாடைக்குப் பதில் புத்தகம் தந்த செயலாளருக்குத் தனி நன்றி.

‘சூதும் வாதும் வேதனை செய்யும்.’ சின்ன வயதில் எல்லோரும் ஒப்பித்ததுதான். சூதைப் பற்றி மட்டும் பிள்ளைகளை எச்சரித்துவிட்டு, வாதை அப்படியே விட்டுவிட்டோம். இன்று மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். உலகத் தலைவர்கள் சந்திப்பார்களா என்று இணையத்தில் பணம் கட்டும் பந்தயச் சந்தை எப்படி நடக்கிறது, எங்கே கோளாறு வருகிறது, தலைவர்கள் நடந்துகொள்வதையே இது மாற்றிவிடுமா.

பாலிமார்க்கெட், கால்ஷி என்று இதற்கு இரண்டு பெரிய இணையத் தளங்கள். ‘டிரம்ப்பும் புதினும் இன்ன தேதிக்குள் நேரில் சந்திப்பார்களா?’ என்று ஒரு கேள்வி இருக்கும். ‘ஆம்’ வாங்கலாம், ‘இல்லை’ வாங்கலாம். சந்தித்தால் ‘ஆம்’ ஒவ்வொன்றுக்கும் ஒரு டாலர், சந்திக்காவிட்டால் பூஜ்யம். விலை 62 சென்ட் என்றால் நூறு வாங்க 62 டாலர் ஆகும். ஜெயித்தால், கட்டணத்தைக் கணக்கில் சேர்க்காமல், 38 டாலர் லாபம். இந்த 62-ஐத்தான் ‘62 சதவீத வாய்ப்பு’ என்று சொல்கிறார்கள்.

அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். வாங்குகிறவர் 55 சென்ட் தருகிறேன் என்கிறார், விற்கிறவர் 63 கேட்கிறார். பாலிமார்க்கெட் திரையில் நடுவிலுள்ள 59 தெரியும். 59-க்கு ஒருவரும் வாங்கியிருக்க வேண்டியதில்லை. இடைவெளி 10 சென்டைத் தாண்டினால், கடைசியாக நடந்த வியாபாரத்தின் விலையைக் காட்டும். அது நேற்றைய விலையாகவும் இருக்கலாம். ஆள் வராத வாரச்சந்தையில் ஒருவர் நாலு மூட்டை கத்தரிக்காயை மொத்தமாக அள்ளினால் விலை எகிறுமே, அந்தக் கதைதான். சில ஆயிரம் டாலரில் ‘வாய்ப்பு’ ஏறிவிடும்.

இன்னொன்று. நடக்கவே வாய்ப்பில்லாத சந்திப்புக்கும் ‘ஆம்’ 4, 5 சென்டில் நிற்கும். அதைக் கீழே தள்ள வேண்டுமென்றால் யாராவது 95 சென்ட் போட்டு ‘இல்லை’ வாங்க வேண்டும். கெடு டிசம்பர் 31 என்றால், 5 சென்டுக்காக மாதக்கணக்கில் பணத்தை யார் முடக்குவார்? அந்த ஐந்தில் பெரும்பகுதி பணம் முடங்குவதற்கான கூலி. அதைப் போய் ஐந்து சதவீத நம்பிக்கை என்று படிக்கக் கூடாது.

இனி கோளாறுகள். மழையோ கிரிக்கெட்டோ மாதிரி இல்லை இது. சந்திப்பதா வேண்டாமா என்று முடிவெடுப்பவர்களே இரண்டு பேர்தான். 2018 மே 24-ஆம் தேதி டிரம்ப் வட கொரியத் தலைவர் கிம் ஜாங் உன்னுக்குக் கடிதம் எழுதி சிங்கப்பூர் சந்திப்பை ரத்து செய்தார். ஜூன் 1-இல் மறுபடி உண்டு என்றார். ஜூன் 12-இல் கைகுலுக்கினார்கள். அடுத்த ஆண்டு ஜூன் 29 காலை ஜப்பானின் ஒசாகாவிலிருந்து டிரம்ப்பின் ஒரு ட்வீட், 30-இல் இரு கொரியாக்களின் எல்லையிலுள்ள பன்முன்ஜொமில் கிம்மோடு சந்திப்பு. 2025-இல் டிரம்ப்பும் புதினும் கலந்துகொண்ட அலாஸ்கா சந்திப்பு ஆகஸ்ட் 8-இல் அறிவிக்கப்பட்டு 15-இல் நடந்தது. அதே ஆண்டு அக்டோபர் 16-இல் புடாபெஸ்டில் புதினைச் சந்திப்பேன் என்றார் டிரம்ப். ஒரு வாரத்துக்குள் கதை மாறி, சந்திப்பு நின்றுபோனது. விமானத் தடம், விடுதி முன்பதிவு, வான்வெளித் தடை அறிவிப்பு என்று விழித்திருந்து பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் முன்னால், பயண ஏற்பாட்டைச் செய்கிற அதிகாரிக்குத் தெரியும். அவரே பந்தயம் கட்டினால், மறுபக்கம் பணம் போட்டவர் அவரிடம்தான் தோற்கிறார்.

இது சூது. வாதுக்கு வருவோம், கொஞ்சம் சிரிக்கலாம். 2025 பிப்ரவரி 28-இல் வெள்ளை மாளிகையில் ஒரு செய்தியாளர் உக்ரைன் அதிபர் ஜெலென்ஸ்கியைப் பார்த்து, ஏன் சூட் போடவில்லை என்று கேட்டார். போர் நடக்கிறது, கேள்வி சட்டையைப் பற்றி! பிற்பாடு பாலிமார்க்கெட்டில் ஒரு பந்தயம் வந்தது: ஜூன் முடிவதற்குள் ஜெலென்ஸ்கி சூட் போடுவாரா? ஜூன் 24-இல், ஹேக் நகர நேட்டோ மாநாட்டுக்குக் கருப்புக் கோட்டும் கால்சட்டையுமாக வந்து இறங்கினார். பல செய்தி நிறுவனங்கள் ‘சூட்’ என்றே எழுதின. ‘ஆம்’ கட்சி கொண்டாடியது. ‘இல்லை’ கட்சி, இது சூட்டே அல்ல, காலணியைப் பார், துணியைப் பார் என்றது. உலகத் தையற்காரர்களெல்லாம் நீதிபதி ஆனார்கள். புரண்ட தொகை 20 கோடி டாலருக்கு மேல்! அப்போது தீர்ப்பு சொன்ன முறை இது: 750 டாலர் பிணை கட்டி ஒருவர் விடையை முன்மொழிவார். இரண்டு மணி நேரத்தில் இன்னொருவர் அதே பிணை கட்டி மறுக்கலாம். மறுபடி முன்மொழிந்த விடையையும் யாராவது மறுத்தால், ‘யூமா’ என்ற கிரிப்டோ டோக்கன் வைத்திருப்பவர்கள் ஓட்டுப் போடுவார்கள். யாரிடம் டோக்கன் அதிகமோ அவர் ஓட்டுக்கு எடை அதிகம். அவரே பந்தயத்திலும் பணம் போட்டிருக்கலாம்! கடைசியில் ‘இல்லை’ என்று முடித்தார்கள். கேளுங்கள், ஆகஸ்ட் 18-இல் ஜெலென்ஸ்கி மறுபடி வெள்ளை மாளிகைக்கு அந்த மாதிரிக் கருப்பு உடையில் போனார். அதே செய்தியாளர், இந்த சூட்டில் பிரமாதமாக இருக்கிறீர்கள் என்றார். ஜெலென்ஸ்கி விடவில்லை. நான் மாற்றிவிட்டேன், நீங்கள்தான் அதே சூட்டில் இருக்கிறீர்கள் என்று திருப்பிக் கொடுத்தார். சிரித்தவர்களில் பணம் தோற்றவர் எத்தனை பேரோ!

சூதும் வாதும் வேதனை செய்யும். ‘சந்திப்பு’ என்பதிலும் அந்த வாது உண்டு. காணொளியில் பேசினால் பொதுவாகக் கணக்கில் வராது. மாநாட்டு மண்டபத்தில் நடந்துகொண்டே கைகுலுக்கினால்? அந்தந்தக் கேள்வியின் கீழே பொடி எழுத்தில் உள்ள விதிதான் சொல்லும். கெடு பெரும்பாலும் நியூயார்க் நேரம் இரவு 11.59, கோடையில் நமக்கு மறுநாள் காலை 9.29.

நம் நாட்டில் 2025 ஆகஸ்டிலேயே பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளுக்குத் தடைச் சட்டம் வந்தாயிற்று. ஆகவே பணம் போடாதீர்கள் என்று சொல்ல நான் தேவையில்லை. என் கவலை போடாதவர்களைப் பற்றியது. 2025 டிசம்பரில் அமெரிக்கச் செய்திச் சேனல் சி.என்.என். இந்த எண்களுக்காகக் கால்ஷியோடு கைகோத்துவிட்டது. நாளை நம் சேனல்களின் திரை அடியிலும் ‘சந்திப்புக்கு 70 சதவீத வாய்ப்பு’ என்று ஓடும். ஆறு மாதமாக நான் சொல்லி வருவது இதுதான்: எண்ணைப் போட்டால் அதோடு நான்கையும் போடுங்கள். கேள்வியின் முழு வாசகம், கெடு, வாங்கும் விலையும் விற்கும் விலையும் தனித்தனியாக, அன்று புரண்ட தொகை. நான்குக்கும் இடமில்லை என்றால் எண்ணுக்கும் இடம் வேண்டாம்.

தலைவர் மணி அடித்துவிட்டார். மூன்றாவது செய்தியை அடுத்த கூட்டத்துக்கு வைத்துக்கொள்கிறேன். பத்திரிகை ஆசிரியர்களுக்கும் சேனல்களுக்கும் அனுப்பும் கோரிக்கைப் படிவம் வாசல் மேசையில் இருக்கிறது. பெயரும் ஊரும் போதும், தொலைபேசி எண் வேண்டாம். பேனா இரண்டுதான் இருக்கிறது, வரிசையாக வாருங்கள். நன்றி, வணக்கம்.