தட்டுக்கு வருமுன் தொலைவது

தாய்மார்களே, தங்கச்சிமாரே, அடுப்படியில் கூடமாட நிற்கும் ஆண்பிள்ளைகளே, எல்லாருக்கும் வணக்கம்.

சத்தான சாப்பாடு என்றதும் கடையில் டப்பாவில் அடைத்து விற்கும் மாவைத் தேடிப் போகிறோம். தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை இந்த ராமநாதபுரம் கரையில் இருப்பவர்களுக்கு அந்தச் செலவு தேவையில்லை. மானாவாரிக் காட்டில் குதிரைவாலி விளைகிறது. கரையில் சாளை மீன் வந்து இறங்குகிறது. கொல்லையில் முருங்கை நிற்கிறது. இவ்வளவும் கையில் இருந்தும் உடம்பில் சேராமல் போவதற்குக் காரணம், வழியிலேயே பாதி தொலைந்துவிடுவதுதான். எங்கே தொலைகிறது என்று ஒரே ஒரு மதியச் சாப்பாட்டை வைத்துப் பார்ப்போம்: குதிரைவாலிச் சோறு, சாளைக் குழம்பு, முருங்கைக்கீரை.

முதலில் குதிரைவாலி. ஐக்கிய நாடுகள் சபை 2023-ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக அறிவித்ததும் எல்லாக் கடையிலும் குதிரைவாலிப் பாக்கெட் தொங்க ஆரம்பித்தது. வாங்கும்போது நிறத்தைப் பாருங்கள். ரவை மாதிரி வெள்ளை வெளேரென்று இருந்தால் மில்லில் நன்றாகத் தீட்டியிருக்கிறார்கள்; தவிடும் அதோடு நார்ச்சத்தும் போய்விட்டது. மங்கலாக, லேசாகப் பழுப்பேறி இருப்பதுதான் நமக்கு வேண்டியது. தவிட்டில் எண்ணெய் இருப்பதால் தீட்டாத தானியம் சீக்கிரம் காறிப்போகும், அதுவும் நம் கடல்காற்று ஈரத்தில். அதனால் ஒரு மாதத்துக்கு மேல் வாங்கிச் சேர்க்காதீர்கள். கம்பு மாவு இன்னும் மோசம்; அரைத்துச் சில நாளிலேயே கசக்கும். அந்த வாரத்துக்கு வேண்டியதை மட்டும் திரியுங்கள்.

மூன்று பேருக்கு ஒரு டம்ளர் குதிரைவாலி. அரித்துக் கல் நீக்கி, இரண்டு தடவை மட்டும் அலசி, அரை மணி நேரம் ஊற வையுங்கள். ஊறிய தண்ணீரை இறுத்துவிட்டு, இரண்டரை டம்ளர் தண்ணீரைக் கொதிக்க வைத்து, உப்பும் தானியமும் போட்டு, மூடி, தீயைக் குறைத்துவிடுங்கள். பன்னிரண்டு, பதினைந்து நிமிடத்தில் தண்ணீர் வற்றிவிடும். அடுப்பை அணைத்து, மூடியைத் திறக்காமல் பத்து நிமிடம் விட வேண்டும். "குதிரைவாலி களி மாதிரி ஆயிருச்சு" என்று குறை சொல்பவர்கள் இந்தப் பத்து நிமிடம் பொறுக்காமல் கரண்டியை விட்டுக் கிண்டியிருப்பார்கள். சூட்டோடு கிண்டினால் மணி உடைந்து பசையாகும். ஆறிய பிறகு கரண்டிக் காம்பால் ஓரத்திலிருந்து தூக்கிவிட்டால் உதிரி உதிரியாக வரும். கஞ்சி வடிக்கவே வேண்டாம். தண்ணீரில் கரையும் சத்தெல்லாம் வடிகஞ்சியோடு வெளியே போய்விடும்.

இனி மீன். இதில்தான் கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது.

வஞ்சிரத்துக்குக் கொடுக்கும் காசில் எத்தனையோ மடங்கு சாளை வாங்கலாம். இதயத்துக்கு நல்லது என்று டாக்டர்கள் சொல்லும் ஒமேகா-3 கொழுப்பு சாளையில் தாராளம். நெத்திலியை முள்ளோடு மென்று தின்றால் சுண்ணாம்புச் சத்தும் சேரும். ஆனால் சாளை வெயில் தாங்காது. கூடையில் வெயிலில் கிடந்தால் அதன் சதையில் ஹிஸ்டமின் என்ற பொருள் ஊறிவிடும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது அழியாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, உதடு எரிந்து, தலை வலித்து, உடம்பெல்லாம் தடித்தால் "மீன் ஒத்துக்கலை" என்கிறோம். பல சமயம் மீன் மேல் குற்றமில்லை, அது கிடந்த வெயில்தான் காரணம். மூச்சுத் திணறினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

ஆகவே வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பாருங்கள், சிவப்பாக இருக்க வேண்டும். கண் குழிவிழாமல் பளபளக்க வேண்டும். வயிறு வெடித்த சாளையைத் தொடவே தொடாதீர்கள். வீடு தூரம் என்றால் ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ். செதில் உரசி, குடல் எடுத்து, மஞ்சளும் கல்லுப்பும் போட்டு இரண்டு முறை அலசினால் போதும். தண்ணீரில் ஊறப்போட்டால் ருசி தண்ணீரோடு போய்விடும்.

அரைக் கிலோ சாளைக்கு மசாலா: நம் முண்டு வத்தல் ஏழு, மல்லி இரண்டு மேஜைக்கரண்டி, சீரகம் ஒரு தேக்கரண்டி, மிளகு அரைத் தேக்கரண்டி. ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது நமக்கெல்லாம் பெருமைதான். அதற்காக மூட்டையில் வருவதை எல்லாம் அப்படியே சட்டியில் போட்டுவிட முடியாது. ஒவ்வொரு வத்தலையும் கையால் பிய்த்துப் பாருங்கள். தோல் கெட்டியாக, உள்ளே விதை மஞ்சளாகக் கலகலவென்று உதிர்ந்தால் நல்லது. விதைகள் ஒன்றோடொன்று ஒட்டி, கறுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ பொடி படிந்திருந்தால் பூஞ்சணம். கழுவினாலும் வறுத்தாலும் அந்த நஞ்சு போகாது. பணம் போகிறதே என்று பார்க்காமல் வெளியே போடுங்கள்.

மண்சட்டியில் நல்லெண்ணெய் இரண்டு மேஜைக்கரண்டி. கால் தேக்கரண்டி வெந்தயம் பொன்னிறமாகும் வரைதான். கறுத்தால் குழம்பு முழுக்கக் கசக்கும். சின்ன வெங்காயம் பதினைந்து, பூண்டு எட்டுப் பல், தக்காளி இரண்டு, கறிவேப்பிலை போட்டு வதக்குங்கள். வறுத்து அரைத்த மசாலாவும், சிறு எலுமிச்சை அளவு புளியைக் கரைத்த தண்ணீரும், உப்பும் சேர்த்துப் பச்சை வாடை போகும் வரை பத்து நிமிடம் கொதிக்கட்டும். கெட்டியானதும் மீன். அதன்பிறகு கரண்டி கூடாது. சட்டியின் வாயைத் துணியால் பிடித்து லேசாகச் சுழற்றுங்கள். ஏழெட்டு நிமிடத்தில் இறக்கிவிடலாம். அரை மணி கழித்துப் பரிமாறினால் புளிப்பும் காரமும் சதையில் ஏறியிருக்கும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு போகாது. நாட்டுப்படகு மீன் மட்டுந்தான், விலையும் ஏறும். அப்போது தட்டைப்பயறும் மொச்சையும் கைகொடுக்கும். எட்டு மணி நேரம் ஊற வைத்து வேக வைத்தால் வயிற்றை அவ்வளவாக உப்பாது. கருவாடு போடுவதானால் சுடுதண்ணீரில் பத்து நிமிடம் வீதம் இரண்டு முறை ஊற வைத்துக் கொட்டிவிட்டு, உப்பே சேர்க்காமல் குழம்பு வையுங்கள். ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு மாதம் ஒருமுறை, அதுவும் இரண்டு துண்டு.

முருங்கைக்கீரையை உருவுவதற்கு முன்பே கொத்தோடு அலசுங்கள். உருவிய இலையைத் தண்ணீரில் மிதக்க விட்டால் சத்து கரையும். இரண்டு கைப்பிடிக் கீரைக்கு இரண்டு மேஜைக்கரண்டி பாசிப்பருப்பை முக்கால் வேக்காட்டில் எடுத்து, கீரையைப் போட்டு, மூடாமல் ஐந்து நிமிடம். மூடினால் நிறம் கறுக்கும். உப்பும் ஒரு கைப்பிடித் தேங்காய்த் துருவலும் கடைசியில்தான். கீரையிலுள்ள வைட்டமின் ஏ சத்தை உடம்பு எடுத்துக்கொள்ளக் கொஞ்சம் கொழுப்பு வேண்டும், தேங்காய் அதற்குத்தான். இலையில் பரிமாறும்போது எலுமிச்சை பிழியுங்கள், கீரையின் இரும்புச்சத்து நன்றாக ஏறும்.

சோறு உண்டு கை கழுவியதும் டீ போடும் வழக்கம் நம் வீடுகளில் அதிகம். தேயிலையின் துவர்ப்பு அந்த இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ரத்தத்தில் சேர விடாது. ரத்தசோகை உள்ள பெண்களும் பிள்ளை உண்டான பெண்களும் இதை மனதில் வையுங்கள். ஒரு மணிக்குச் சாப்பிட்டால் டீயை மூன்று மணிக்குப் போடுங்கள்.